சேருமுன் தெரியாத காரணம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் மதிப்பெண் பட்டியலோடும் பரிந்துரைக் கடிதங்களோடும் இன்னொன்றையும் எழுதி அனுப்பவேண்டியிருக்கிறது. எங்கள் கல்லூரியில் சேர ஏன் விரும்புகிறாய் என்ற கேள்விக்குச் சில நூறு சொற்களில் ஒரு பதில். அதை எழுதப் பழக்குவதையே தொழிலாகக் கொண்ட ஆலோசனை மையங்கள் நம் ஊர்களிலும் வந்துவிட்டன. தமிழ்நாட்டின் பொறியியல் கவுன்சலிங்கில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. கட் ஆஃப் வருகிறது, தரவரிசை வருகிறது, கல்லூரிகளை விருப்பப் பட்டியலில் வரிசையாக நிரப்பினால் வேலை முடிந்தது. அந்த வரிசைக்கு என்ன காரணம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் விடுவது நம் முறையின் வறட்சி, கேட்பதுதான் மாணவனை மனிதனாக மதிப்பது என்று படித்தவர்கள் பலர் சொல்லக் கேட்கிறோம். அதற்குள் போகும் முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளவேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என்று ஒன்று இருக்க முடியுமா? கல்வி ஒருவரை மாற்றுகிறது என்றால், மாறுவதற்கு முன்னால் நிற்கிறவர் மாறிய பிறகு கிடைக்கப்போவதன் மதிப்பை எப்படி அறிவார்? அறியாத ஒன்றைக் காரணமாக எப்படிச் சொல்வார்? சேர்க்கை விதிமுறை பற்றிய சின்ன விஷயம்போலத் தெரிந்தாலும், தத்துவத்தின் மிகப் பழைய கேள்விகளுள் இது ஒன்று. மதங்களோ தங்களிடம் வந்து கதவைத் தட்டியவர்களின் வடிவில் இதை நேருக்கு நேர் சந்தித்திருக்கின்றன.

பிளேட்டோவின் ‘புரொட்டகோரஸ்’ உரையாடல் இப்படி ஒரு தட்டலில்தான் தொடங்குகிறது. பொழுது விடியவில்லை. ஹிப்பகிரட்டீஸ் என்ற இளைஞன் கைத்தடியால் சாக்ரட்டீஸ் வீட்டுக் கதவை இடிக்கிறான். உள்ளே வந்ததும் இருட்டில் கட்டிலைத் தடவிக் கண்டுபிடித்து அவர் காலடியில் உட்காருகிறான். புகழ்பெற்ற ஆசிரியர் புரொட்டகோரஸ் ஏதென்சுக்கு வந்திருக்கிறார், அவரிடம் சேரவேண்டும், நீங்கள் வந்து எனக்காகப் பேசவேண்டும் என்கிறான். சாக்ரட்டீஸ் அவனை முற்றத்தில் நடக்கவைத்து விசாரிக்கிறார். மருத்துவரிடம் பணம் கட்டிச் சேர்ந்தால் மருத்துவன் ஆவாய், சிற்பியிடம் சேர்ந்தால் சிற்பி ஆவாய், இவரிடம் சேர்ந்து என்ன ஆகப்போகிறாய்? சோஃபிஸ்ட், அதாவது கூலிக்குக் கற்பிக்கும் அறிஞன், ஆவேன் என்றுதான் சொல்லியாகவேண்டும். சொல்லும்போது அவன் முகம் சிவக்கிறது. அதைப் பார்க்குமளவுக்கு அப்போது லேசாக வெளிச்சம் வந்திருந்தது என்கிறார் பிளேட்டோ. அடுத்து வருவது இந்த நூலின் மிகக் கூர்மையான எச்சரிக்கை. கடையில் வாங்கும் உணவைப் பாத்திரத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய், தெரிந்தவரிடம் காட்டி, உண்ணலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொள்ளலாம். கல்வியைக் கொண்டுபோகத் தனிப் பாத்திரம் கிடையாது. அதை ஆன்மாவிலேயே வாங்கிக்கொண்டு, நல்லதோ கெட்டதோ, மாறிய ஆளாகத்தான் வெளியே வரமுடியும். இதைப் படிக்கிறவர்கள் பலர் சாக்ரட்டீஸ் அந்த இளைஞனின் அறியாமையை அம்பலப்படுத்தினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காரணம் தெளியும்வரை போகாதே என்று அவர் தடுக்கவில்லை. அவனோடு கூடவே கிளம்பிப் போகிறார். முழுக் காரணத்தை முற்றத்திலேயே வைத்துப் பேசித் தீர்த்துவிட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதே நிலைமைக்கு நேரான விடை கிடைக்கும் இடம் ‘மிலிந்த பன்ஹா’ என்ற பாலி நூல். வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க மன்னன் மினாண்டர், அந்த நூலில் மிலிந்தன், நாகசேனர் என்ற பிக்குவிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறான். நீங்கள் துறவு பூண்டது எதற்காக என்பது அவற்றில் ஒன்று. இந்தத் துன்பம் ஒழியவும் வேறு துன்பம் எழாதிருக்கவும் என்று நாகசேனர் முறைப்படியான பதிலைச் சொல்கிறார். மன்னன் விடவில்லை. எல்லோரும் அதற்காகத்தான் சங்கத்தில் சேர்ந்தார்களா? இல்லை என்று ஒப்புக்கொள்கிறார் நாகசேனர். அரசனுக்குப் பயந்து வந்தவர்கள் உண்டு, திருடருக்குப் பயந்து வந்தவர்கள் உண்டு, கடன்தொல்லையால் வந்தவர்கள் உண்டு, பிழைப்புக்காக வந்தவர்கள் உண்டு. அப்படியானால் நீங்கள்? இங்கேதான் அந்தப் பதில் வருகிறது. சேர்ந்தபோது தான் சிறுவன் என்றும், அந்த உயர்ந்த நோக்கம் அப்போது தனக்குத் தெரியாது என்றும் அவர் சொல்கிறார். இந்தப் பிக்குகள் அறிவுள்ளவர்கள், எனக்குக் கற்பிப்பார்கள் என்று நினைத்துச் சேர்ந்தேன். அவர்கள் கற்பித்ததால் துறவின் காரணமும் பயனும் இப்போது தெரிகின்றன என்கிறார். அவர் சங்கத்துக்கு வந்த கதையையும் அதே நூல் சொல்கிறது. வேதங்களைக் கற்று முடித்தும் நிறைவு காணாத அந்தப் பையனை இழுத்தது, பிச்சைக்கு வந்த ரோகணர் என்ற பிக்குவுக்குத் தெரிந்திருந்த உயர்ந்த மந்திரத்தைத் தானும் கற்கவேண்டும் என்ற ஆசை. ஒரு மதம் தன் மிகப் பெரிய வாதவீரரின் வாயிலேயே, சேர்ந்தபோது எனக்கு ஏன் என்று தெரியாது என்ற சொல்லை வைத்திருக்கிறது. அதைக் குறையாகவும் எழுதவில்லை. இந்தப் பதிலை இன்றைய சேர்க்கைக் குழு எதற்காவது அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

என் வாதம் இந்தப் பதிலின் மீதுதான் நிற்கிறது. ஒரு கல்விக்கூடத்தில் சேர்வதற்கான முழுக் காரணம் அந்தக் கல்விக்கூடத்தில்தான் கிடைக்கும். வெளியில் நிற்கும்போது கையில் இருப்பது பாதிக் காரணம். சில சமயம் தவறான காரணம். கிறித்தவச் சிந்தனையாளர் அகஸ்டின் தம் ‘ஒப்புதல்க’ளில் இதையே தம் வாழ்க்கைக்குள் தோண்டிப் பார்க்கிறார். கார்த்தேஜில் ஆசிரியராக இருந்தவர் 383இல் ரோமுக்குக் கிளம்பினார். அங்கே வருமானமும் மதிப்பும் கூடும் என்று நண்பர்கள் சொன்னது ஒரு காரணம். ரோமில் மாணவர்கள் வகுப்பில் கலாட்டா செய்வதில்லை என்று கேள்விப்பட்டதே பெரிய காரணம் என்று அவரே எழுதுகிறார். அடுத்த ஆண்டு மிலான் நகருக்குப் போய், அம்புரோஸ் ஆயரின் பிரசங்கத்தைக் கேட்கத் தொடங்குகிறார். அதுவும் அவருடைய பேச்சாற்றல் புகழுக்குத் தகுந்ததுதானா என்று எடைபோடத்தான். பொருளில் அவருக்கு அக்கறை இல்லை. ஆனால் விரும்பிக் கேட்ட சொற்களோடு, அலட்சியம் செய்த பொருளும் சேர்ந்து உள்ளே நுழைந்துவிட்டது. பின்னாளில் திரும்பிப் பார்த்து, தம்மை அழைத்துப்போனது எது என்று கடவுள் அறிந்திருந்தார், தாம் அறியவில்லை என்கிறார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் இந்த அமைப்பை மறுக்க முடியாது. லாரி பால் என்ற தத்துவப் பேராசிரியர் 2014இல், நம்மை அடியோடு மாற்றும் அனுபவங்களை முன்கூட்டியே எடைபோட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது என்று ஒரு நூல் முழுக்க வாதிட்டார். ஆக்னஸ் கல்லார்ட் 2018இல் அதற்கு மறுபக்கத்தைக் காட்டினார். சங்கீதம் கேட்கத் தெரியாத ஒருவர் அதை ரசிக்கக் கற்கச் சேரும்போது, அதன் முழு மதிப்பும் தனக்கு இன்னும் பிடிபடவில்லை என்று தெரிந்தேதான் சேர்கிறார். அரைகுறையான அந்தக் காரணமும் காரணம்தான், பொய் ஆகாது என்றார். நாகசேனர் வெகு காலத்துக்கு முன்பே நின்ற இடம் அது.

அப்படியானால் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் ஒன்றுதானா, கண்ணைக் கட்டிக்கொண்டு விழுந்துவிடலாமா என்று கேட்பது நியாயம். பல லட்சம் கல்விக் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், உள்ளே போனால் காரணம் தெரியும் என்ற பதிலில் சமாதானம் ஆகமாட்டார்கள், ஆகவும் கூடாது. ஆனால் நாகசேனரின் பதிலை மறுபடி பாருங்கள். இவர்கள் அறிவுள்ளவர்கள் என்பது ஒன்று, எனக்குக் கற்பிப்பார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் வெளியில் நின்றே விசாரித்து அறியக்கூடியவை. கற்பிக்கிறவர்கள் யார், தங்கள் துறையில் எதையாவது செய்தவர்களா, வகுப்புக்கு வருகிறார்களா, ஆய்வகம் மாணவருக்குத் திறந்திருக்கிறதா அல்லது பார்வைக் குழு வரும் நாளில் மட்டும் திறக்கிறதா, அங்கே மூன்று நான்கு ஆண்டு இருந்து வந்தவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எதைப் பற்றிப் பேசுகிறார்கள். இவையெல்லாம் கேட்டால் கிடைக்கும் தகவல்கள். நம் வீடுகளில் பக்கத்து வீட்டு அண்ணனிடமும் தூரத்து உறவுக்கார அக்காவிடமும் போன் போட்டு இதைத்தான் விசாரிக்கிறோம். அந்த விசாரிப்பு மிகச் சரியானது. நம்பிக்கைக்கும் குருட்டு நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. படிப்பின் பயனை முன்கூட்டி அறியமுடியாது. படிப்பிக்கிறவரின் தகுதியை ஓரளவு அறியலாம். முன்னதைக் கேட்பவர் மாணவரைப் பொய் சொல்லத் தூண்டுகிறார். பின்னதைக் கேட்பவர் அவரை விசாரிக்கப் பழக்குகிறார்.

இன்னொரு மறுப்பும் உண்டு. காரணம் சொல்லத் தெரிந்தவர், சொல்லத் தெரியாதவரைவிட ஆர்வமும் தெளிவும் உள்ளவர் அல்லவா, அவரைத் தேர்ந்தெடுப்பதில் என்ன தவறு? தவறு, அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்காமல் விடுவதில் இருக்கிறது. தாத்தாவும் தாயும் பட்டம் பெற்ற வீட்டில் பிறந்தவருக்கு, ஆராய்ச்சி என்றால் என்ன, பேராசிரியரிடம் எதைப் பேசவேண்டும், நூலகத்தில் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிக்கொண்டு வருகிற பெண்ணுக்கு, வேலை வேண்டும் என்ற ஒரே காரணம்தான் கையில் இருக்கும். அதைக் கீழானதாக நினைக்க எந்த அவசியமும் இல்லை. கடனுக்குப் பயந்தும் பிழைப்புக்காகவும் வந்தவர்களை நாகசேனர் ஒரு சொல்கூடக் குறைத்துப் பேசவில்லை. இது வெறும் ஊகமும் இல்லை. இந்தக் கேள்வி பிறந்த இடத்தின் வரலாறே இதைத்தான் சொல்கிறது. 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் யூதர்கள். 1922இல் அதன் தலைவர் லாரன்ஸ் லோவெல் அதற்கு வரம்பு கட்ட முயன்றார். வெளிப்படையான ஒதுக்கீட்டுக்கு எதிர்ப்பு கிளம்பவே, 1926இல் மதிப்பெண்ணோடு ‘குணநலனை’யும் எடைபோடும் முறை வந்தது. நேர்காணல், பரிந்துரை, தன்னைப் பற்றிய கட்டுரை எல்லாம் அந்த எடைக்கற்களாகப் புகுந்தன. ஜெரோம் கரபெல் 2005இல் வெளியிட்ட நூலில் இதை ஆவணங்களோடு நிறுவியிருக்கிறார். அதே கருவியைப் பிற்காலத்தில் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்குக் கதவு திறக்கவும் பயன்படுத்தினார்கள் என்பதையும் சொல்லியாகவேண்டும். ஆனால், நீ ஏன் இங்கே வருகிறாய் என்ற கேள்விக்குள் நீ யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி எவ்வளவு எளிதாக ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நேரடியாகவே யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கப்பட்ட ஒரு மாணவன் சாந்தோக்ய உபநிடதத்தின் நான்காம் அதிகாரத்தில் வருகிறான். சத்தியகாமன் படிக்கக் கிளம்பும்போது தாயிடம் தன் கோத்திரத்தைக் கேட்கிறான். எனக்குத் தெரியாதப்பா, இளமையில் பல இடங்களில் ஊழியம் செய்துகொண்டிருந்தபோது உன்னைப் பெற்றேன்; என் பெயர் ஜபாலை, உன் பெயர் சத்தியகாமன், சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள் என்கிறாள். கௌதமர் என்ற ஆசிரியரிடம் போய் அவன் அப்படியே, தாய் சொன்ன சொற்களையும் சேர்த்து ஒப்பிக்கிறான். நீ உண்மையிலிருந்து விலகவில்லை, சமித்து கொண்டுவா, உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார் ஆசிரியர். உண்மை பேசியதையே பிராமணன் என்பதற்கு அடையாளமாக அவர் எடுத்துக்கொண்டார். ஆகவே பிறப்பின் வாசல் அந்தக் கதையில் உடைந்துவிடவில்லை. மகாபாரதத்தின் ஏகலைவனுக்கு அந்த வாசல் திறக்கவே இல்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டு இந்தக் கதையைப் பாராட்டக்கூடாது. ஆனாலும் சேர்க்கை எதை வைத்து நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. எதிர்கால நோக்கம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்று நான் எந்த நிலையில் நிற்கிறேன் என்பதை மறைக்காமல் சொன்னான், அது போதுமானதாக இருந்தது. பிரம்மம் எதற்கு என்று கேட்டிருந்தால் அவனால் பதில் சொல்லியிருக்க முடியாது. மெலிந்த நானூறு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய், அவை ஆயிரமாகும்வரை காட்டில் இருந்த பிறகுதான் அவனுக்கு முதல் பாடமே கிடைத்தது. இளைஞர்களிடம் கேட்கக்கூடிய நேர்மை இந்த வகை நேர்மைதான். நாளை என்ன ஆவேன் என்பதில் நேர்மையாக இருக்க ஒருவருக்கும் வழியில்லை. இன்று எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதில் இருக்கலாம்.

இந்த வாதத்தை உண்மையிலேயே உலுக்கும் மறுப்பு வேறொன்று. கற்றுக்கொடுத்தவர்களே காரணத்தையும் கற்றுக்கொடுத்தார்கள் என்றால், அது கல்வியா, மூளைச்சலவையா? எந்தக் கும்பலில் சேர்ந்தவரும் சில வருடம் கழித்து, இப்போதுதான் எனக்குப் புரிகிறது என்றுதான் சொல்வார். கல்லூரிக்கும் இது பொருந்தும். லட்சங்களைக் கொட்டி நான்கு வருடம் கழித்தவருக்கு அது வீண் என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. தன் தேர்வுக்குப் பின்னோக்கிக் காரணம் கட்டிக்கொள்வார். ஆகவே, பிறகு புரிந்தது என்ற சாட்சியம் மட்டும் போதாது. அதற்கு ஒரு சோதனை வேண்டும். அந்தச் சோதனையும் பௌத்த நூல்களிலேயே கிடைக்கிறது. போதி பெறுமுன் சித்தார்த்தர் ஆளார காலாமரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியர் எட்டியிருந்த தியான நிலையைத் தாமும் சீக்கிரமே எட்டினார். வா, இந்தக் கூட்டத்தை நாம் இருவரும் சேர்ந்தே நடத்துவோம் என்று ஆசிரியர் தமக்குச் சமமான இடத்தை அளித்தார். தாம் தேடியது அங்கே இல்லை என்று கண்ட சித்தார்த்தர் விடைபெற்றார். போதி பெற்ற பின் யாருக்கு முதலில் உபதேசிக்கலாம் என்று யோசித்தபோது, அவர் நினைவுக்கு முதலில் வந்தவர் அந்த ஆளார காலாமர்தான். அவர் ஏழு நாளுக்கு முன் காலமாகியிருந்தார். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் படித்த ராமானுஜரைப் பற்றிக் குருபரம்பரை நூல்கள் சொல்வதும் இந்த வகைதான். ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, உபநிடதச் சொல் ஒன்றுக்கு அவர் சொன்ன பொருளைத் தாங்கமாட்டாமல் மாணவரின் கண்ணீர் ஆசிரியரின் தொடையில் சுடச்சுட விழுந்தது என்கின்றன அந்நூல்கள். ராமானுஜர் பிரிந்தார், பின்னாளில் அந்த ஆசிரியரே அவருக்குச் சீடரானார். மறுக்கும் திறனும் விலகும் வழியும் எங்கே மாணவருக்குக் கிடைக்கின்றனவோ, அங்கே கற்ற காரணத்தை நம்பலாம். விலக முடியாத இடத்தில் ஒருவர் சொல்லும் காரணத்துக்கு மதிப்பில்லை. அது சேருமுன் எழுதிக்கொடுத்ததானாலும் சரி, சேர்ந்தபின் சொன்னதானாலும் சரி.

இதை ஒரு நடைமுறையாகவே வகுத்தவர் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித பெனடிக்ட். தம் மடத்துக்கான ஒழுங்கு நூலின் 58ஆம் அதிகாரத்தில், புதிதாக வருகிறவரை எளிதில் உள்ளே விடாதீர்கள், நான்கைந்து நாள் வாசலில் காக்கவையுங்கள் என்கிறார். உள்ளே வந்த பிறகு இரண்டு மாதம் கழித்து ஒழுங்கு நூல் முழுவதையும் அவருக்குப் படித்துக்காட்டவேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடியும். இன்னும் நான்கு மாதம் கழித்து மூன்றாம் முறையும். நீ வாழ விரும்பும் சட்டம் இது, கடைப்பிடிக்க முடிந்தால் இரு, முடியாவிட்டால் தடையில்லாமல் போகலாம் என்று அவரிடம் சொல்லவும் வேண்டும். மடம் வாழ்நாள் முழுவதற்கும் ஆள் எடுக்கும் இடம். அங்கேயே, ஏன் வந்தாய் என்பதை வாசலில் ஒரு தடவை கேட்டு முடித்துவிடாமல், வந்தவர் உள்ளே வாழ்ந்து பார்த்த பிறகு திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வெளியேறும் வழியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். அவர் துறவில் நுழையும்போது களைந்த பழைய உடையைக்கூடக் கிழித்துப்போடாமல், ஒருவேளை பின்னால் கிளம்பிப் போனால் கொடுப்பதற்காகப் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்கிறது அதே அதிகாரம்.

நம் கல்லூரிகள் பத்திரப்படுத்துவது வேறு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டுகளையும் சாதிச் சான்றிதழையும் சேர்க்கை நாளில் வாங்கி அலமாரியில் பூட்டிவைத்து, நடுவில் விலக நினைக்கும் மாணவரிடம் மீதி வருடங்களின் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்று சொல்லும் நிர்வாகங்கள் இன்னும் இருக்கின்றன. இத்தனைக்கும் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவிக்கை வெளியிட்டது. இந்த ஆண்டு சேரப்போகிற மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன். ஏன் இந்தக் கல்லூரி என்று யாராவது கேட்டால், உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். இன்னாரிடம் படிக்கலாம் என்று விசாரித்து அறிந்தோம், வேலை கிடைக்கும் என்று நம்புகிறோம், மீதி எங்களுக்கு இன்னும் தெரியாது. அது குறைவான பதில் இல்லை. கல்லூரிகளை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டுமென்றால், முதல் ஆண்டின் முடிவில் உங்கள் மாணவர்களிடம் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் அவர்களுடைய சான்றிதழ்களை எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.